பட்டப்படிப்பும் துறை கடந்த திறன்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி ஆசிரியர்களும் பாடத்திட்டக் குழுவினரும் மாணவர்களும் இப்பொருள் குறித்து வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கல்லூரிச் சூழலைச் சார்ந்தவை. பிற நாடுகளின் அனுபவம் தேவைப்படும் இடங்களில் மட்டும் சொல்லப்படுகிறது.

துறை கடந்த திறன்கள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

ஒரு பாடத்தைப் படிக்கும்போது வளர்ந்து, அந்தப் பாடத்தோடு நின்றுவிடாமல் வேறு பாடத்திலும் வேலையிலும் பொதுவாழ்விலும் கைகொடுக்கும் திறன்களையே அப்படிச் சொல்கிறோம். சிக்கலைப் பகுத்துப் பார்ப்பது, சான்றை எடைபோடுவது, கேட்பவருக்கு ஏற்றபடி எழுதுவதும் பேசுவதும், பிறரோடு சேர்ந்து வேலை செய்வது, தெரியாததைத் தானே தேடிக் கற்பது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. பிரிட்டனில் உயர்கல்வி குறித்து 1997இல் வெளிவந்த டியரிங் அறிக்கை, எந்தப் பட்டம் பெற்றவருக்கும் தேவையான அடிப்படைத் திறன்களாகத் தகவல்தொடர்பு, எண் கையாளுதல், தகவல் தொழில்நுட்பப் பயன்பாடு, கற்கக் கற்றல் என்னும் நான்கைக் குறித்தது.

நம் கல்லூரிகளில் 'சாஃப்ட் ஸ்கில்' என்ற பெயரில் உடை, கைகுலுக்கல், நேர்காணலில் உட்காரும் முறை போன்றவற்றைச் சொல்லித்தருவது வழக்கமாகிவிட்டது. அவை பயனற்றவை அல்ல என்றாலும், நாம் பேசும் பொருளில் அவற்றின் பங்கு மிகச் சிறியது.

அப்படியானால் இவற்றுக்கென வாரம் இரண்டு மணி நேரத் தனிப் பாடம் வைத்தால் போதாதா?

போதாது. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்வது தானாக நடக்கும் செயல் அன்று என்பதை உளவியலார் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வருகிறார்கள். 1901இல் தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் வெளியிட்ட ஆய்வுகளின் சாரம் இதுதான்: ஒரு வேலையில் பெற்ற பயிற்சி இன்னொரு வேலையில் உதவுவது, இரண்டுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவு உள்ளனவோ அவ்வளவுக்கு மட்டுமே. இலத்தீன் படித்தால் மூளை பொதுவாகக் கூர்மையாகும் என்று அக்காலத்தில் நிலவிய நம்பிக்கை அத்துடன் ஆட்டம் கண்டது.

கிக், ஹோலியோக் என்னும் இருவர் 1980இல் வெளியிட்ட சோதனை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு கோட்டைக்குப் பல சாலைகள் செல்கின்றன. பெரும்படை ஒரே சாலையில் சென்றால் கண்ணிவெடி வெடிக்கும். தளபதி படையைச் சிறு பிரிவுகளாக்கி எல்லாச் சாலைகளிலும் ஒரே நேரத்தில் அனுப்பிக் கோட்டையைப் பிடிக்கிறார். இக்கதையைப் படித்த மாணவர்களிடம் அடுத்து ஒரு மருத்துவச் சிக்கல் தரப்பட்டது. வயிற்றுக்குள் இருக்கும் கட்டியை அழிக்கப் போதுமான வலிமையுள்ள கதிர், வழியிலுள்ள நல்ல திசுவையும் அழித்துவிடும். என்ன செய்யலாம்? வலிமை குறைந்த கதிர்களைப் பல திசைகளிலிருந்து ஒரே புள்ளியில் குவிக்க வேண்டும் என்ற விடை கதைக்குள்ளேயே இருக்கிறது. இருந்தும் பெரும்பாலோருக்கு அது தோன்றவில்லை. 'முன்பு படித்த கதை உதவலாம்' என்று ஒரு வரி சொன்ன பிறகு பெரும்பாலோர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த ஒரு வரியைச் சொல்லும் இடம் பாட வகுப்புதான். இயற்பியல் ஆசிரியர் வரைபடத்தை வாசிக்கச் சொல்லித்தரும்போது 'இதையேதான் பொருளியல் தாளிலும் செய்தீர்கள்' என்று சுட்டிக்காட்ட வேண்டும். தனியாக வந்து போகும் பயிற்சியாளருக்கு மாணவர் வேறு தாள்களில் என்ன செய்தார் என்பது தெரியாது. அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அந்த இணைப்பை ஏற்படுத்த அவரால் இயலாது.

பாடத்தைக் குறைக்காமல், பாடத்துக்குள்ளேயே இவற்றை வளர்ப்பது எப்படி?

ஏற்கெனவே செய்யும் வேலையின் கடைசிப் படியை மாற்றினாலே போதும். வேதியியல் ஆய்வகத்தில் நீரின் கடினத்தன்மையைக் கண்டறியும் தரம்பார்த்தலை (டைட்ரேஷன்) எடுத்துக்கொள்வோம். மாணவர் பியூரெட்டில் இ.டி.டி.ஏ. கரைசலை நிரப்புகிறார்; கூம்புக் குடுவையிலுள்ள நீர் ஒயின் சிவப்பிலிருந்து நீல நிறத்துக்கு மாறும் புள்ளியைக் குறித்துக்கொள்கிறார்; ஒத்த அளவீடு கிடைக்கும்வரை திரும்பச் செய்கிறார்; கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டில் 'கொடுக்கப்பட்ட நீரின் மொத்தக் கடினத்தன்மை = 420 மி.கி./லிட்டர்' என்று எழுதிக் கையொப்பம் வாங்குகிறார். வேலை அத்துடன் முடிந்துவிடுகிறது. பக்கத்து மேசை மாணவரின் நோட்டிலும் அதே வரி இருப்பதைப் பார்த்தும் பாராததுபோல் நாமும் கையொப்பமிடுகிறோம்.

இதே ஆய்வுக்கு ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். மாணவர் தம் வீட்டுக் குழாய் நீரையோ தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீரையோ கொண்டுவந்து ஆய்ந்து, அந்த முடிவை அந்த வீட்டாருக்கோ ஊராட்சித் தலைவருக்கோ விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும். இப்போது பல கேள்விகள் எழுகின்றன. 420 என்பது நல்லதா, கெட்டதா? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் 200 மி.கி./லிட்டரை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600ஐ அனுமதிக்கத்தக்க உச்சமாகவும் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எண்ணை ஒரு பாட்டிக்கு எப்படிச் சொல்வது? சோப்பு நுரைக்காததும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு சேர்வதும் கடினத்தன்மையால் வருபவை. ஆனால் 'இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா' என்று அவர் கேட்டால், அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது; ஃபுளோரைடும் நுண்ணுயிரும் பார்க்கப்படவில்லை. இதை ஒளிக்காமல் எழுதவும் மாணவர் கற்க வேண்டியிருக்கிறது. வேதியியல் இதில் எங்கும் குறையவில்லை. சொல்லப்போனால், அளவீட்டின் ஐயப்பாடு என்ற பகுதியை மாணவர் முதன்முறையாகக் கருத்தூன்றிப் படிப்பது அநேகமாக இந்த இடத்தில்தான்.

வரலாற்றுத் துறையில் ஒரு கல்வெட்டைப் பள்ளி மாணவருக்கு விளக்கும் அறிவிப்புப் பலகையையும், வணிகவியலில் ஒரு மளிகைக் கடையின் ஆறு மாதக் கணக்கைக் கடைக்காரருக்கே விளக்கும் குறிப்பையும் இவ்வாறே அமைக்கலாம்.

மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் இதை எப்படிப் பகிர்வது?

எல்லாத் தாளிலும் எல்லாத் திறனையும் வைப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு. ஒரு பருவத்துக்கு இரண்டு திறன்கள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்கும் ஒரு தாள் என்ற அளவில் தொடங்குவது நல்லது. ஒரே திறன் முதலாண்டில் எளிய வடிவிலும், இரண்டாமாண்டில் வேறு சூழலிலும், இறுதியாண்டுப் புராஜெக்டில் மாணவரே வழியைத் தேர்ந்தெடுக்கும் வடிவிலும் திரும்ப வர வேண்டும்.

இதை முழுமையாகச் செய்துகாட்டிய கல்லூரி ஒன்று உண்டு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலுள்ள அல்வெர்னோ பெண்கள் கல்லூரி, 1973 முதல் தன் பாடத்திட்டம் முழுவதையும் தகவல்தொடர்பு, பகுப்பாய்வு, சிக்கல் தீர்வு உள்ளிட்ட எட்டுத் திறன்களைச் சுற்றி அமைத்தது. ஒவ்வொரு திறனுக்கும் படிநிலைகள் உண்டு. எழுத்துத் தரக்குறியீடுகளுக்குப் பதிலாக மாணவி எந்தப் படியை எட்டினார் என்பதை ஆசிரியர்களும் வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர்களும் பார்த்துச் சொல்வார்கள். மாணவி தன்னைத் தானே மதிப்பிடுவதும் கட்டாயம். பல்கலைக்கழகத் தேர்வுக்குக் கட்டுப்பட்ட நம் இணைவுக் கல்லூரிகள் அதை அப்படியே பின்பற்ற இயலாது. படிநிலை என்ற கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ள எவருடைய அனுமதியும் தேவையில்லை.

என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியத்துக்காகப் பாடநெறி விளைவுகளையும் (சி.ஓ.) நிரல் விளைவுகளையும் (பி.ஓ.) பொருத்திக் காட்டும் அட்டவணை தயாரிக்கிறோமே, அதுவே மதிப்பீடு ஆகாதா?

இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். இந்தியா 2014 ஜூனில் தேசிய அங்கீகார வாரியத்தின் வழியாக, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரானது. அதையொட்டிப் பொறியியல் பட்டதாரிக்குரிய 12 நிரல் விளைவுகள், அதாவது பி.ஓ.க்கள், நம் கல்லூரிகளில் பழகிப்போயின. அவற்றுள் அறநெறி, தனியாகவும் குழுவாகவும் பணியாற்றல், தகவல்தொடர்பு, திட்ட மேலாண்மையும் நிதியும், வாழ்நாள் கற்றல் ஆகியவை முழுக்க முழுக்கத் துறை கடந்தவை. உடன்படிக்கை நாடுகள் 2021இல் திருத்திய பட்டியலில் இவை 11 ஆகச் சுருக்கப்பட்டபோதும் இந்த ஐந்தும் அப்படியே நின்றன. இலங்கையில் 2012இல் வந்த தகைமைச் சட்டகமும் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் விளைவுகளை 12 வகைகளாகப் பிரித்து, தகவல்தொடர்பு, குழுப்பணி, தலைமைத்துவம் போன்றவற்றை எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக வைத்திருக்கிறது. ஆக, கொள்கையில் குறையில்லை.

நடைமுறையில் நடப்பது வேறு. வெப்ப இயக்கவியல் தாளின் பாடநெறி விளைவு ஒன்றை எடுத்து, அது குழுப்பணி என்ற பி.ஓ.வுடன் '2' என்ற அளவில் பொருந்துவதாக அட்டவணையில் குறித்துவிடுகிறோம். பிறகு அந்தத் தாளில் இத்தனை விழுக்காட்டினர் இலக்கு மதிப்பெண்ணைத் தாண்டினர் என்று கணக்கிட்டு, அதை அட்டவணையின் எண்ணால் பெருக்கி, குழுப்பணியில் எட்டிய அளவு 1.84 என்று இரண்டு தசம இடத்துடன் அறிக்கையில் எழுதுகிறோம். அந்த மதிப்பெண் முழுவதும் மாணவர் தனியாக அமர்ந்து, பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் விடைத்தாள் பறிபோகும் என்ற நிபந்தனையில் எழுதிய தேர்விலிருந்து வந்தது என்பதை எவரும் கேட்பதில்லை.

அட்டவணை ஒரு திட்ட வரைபடம்; எந்தத் தாள் எந்தத் திறனுக்குப் பொறுப்பு என்று அது சொல்லலாம். அளவிட வேண்டுமானால், அந்தத் திறன் வெளிப்பட்டே தீர வேண்டிய ஒரு வேலையை மாணவர் செய்திருக்க வேண்டும்; அதை ஒருவர் நேரில் பார்த்தோ படித்தோ மதிப்பிட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலை இல்லாத தாளுக்கு நேரே அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே நேர்மை. காலியான கட்டங்களைக் கண்டு வாரியத்தின் ஆய்வுக் குழுவினர் குறை சொல்வார்கள் என்ற அச்சம் துறைத் தலைவர்களிடம் பரவலாக உண்டு. ஆனால் எல்லாக் கட்டமும் நிரம்பிய அட்டவணையைத்தான் அனுபவமுள்ள ஆய்வாளர் முதலில் சந்தேகிப்பார் என்பது என் கணிப்பு.

ரூப்ரிக், அதாவது வேலையின் தரத்தை நிலை நிலையாக விவரிக்கும் மதிப்பீட்டுக் குறிப்பு, எழுதுவது எப்படி?

'நன்று', 'சுமார்', 'போதாது' என்று எழுதி எதிரே மதிப்பெண் போடுவது ரூப்ரிக் ஆகாது. ஒவ்வொரு நிலையிலும் மாணவரின் வேலை எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்து அடையாளம் காணும் விதத்தில் விவரிக்க வேண்டும். மேலே சொன்ன குடிநீர்க் கடிதத்தில் 'சான்றைப் பயன்படுத்தல்' என்ற ஒரு கூறுக்கு நான்கு நிலைகளை இப்படி எழுதலாம்:

நிலை 1: எண்ணை மட்டும் தருகிறார், அதன் பொருளைச் சொல்லவில்லை.
நிலை 2: எண்ணைத் தர அளவோடு ஒப்பிடுகிறார், ஆனால் ஒரே அளவீட்டை நம்பி உறுதியாகப் பேசுகிறார்.
நிலை 3: பல அளவீடுகளைக் காட்டி, அவற்றின் வேறுபாட்டைச் சொல்லி, தர அளவோடு ஒப்பிடுகிறார்.
நிலை 4: மேற்கண்டவற்றுடன், இச்சோதனை எந்தக் கேள்விக்கு விடை தராது என்பதையும் கடிதம் பெறுபவருக்குப் புரியும்படி எழுதுகிறார்.

அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஒன்று 2009இல் வெளியிட்ட 'வேல்யூ' ரூப்ரிக்குகள் இதற்கு நல்ல முன்மாதிரிகள். அவையும் நான்கு நிலைகளைக் கொண்டவை; வாய்மொழித் திறனுக்கு அவை பார்க்கும் கூறுகள் அமைப்பு, மொழி, வெளிப்படுத்தும் முறை, துணைச் சான்று, மையக் கருத்து ஆகிய ஐந்துதான். இறக்கிய கோப்பை அப்படியே அச்சடித்துக் கொடுக்காமல் உங்கள் பாடத்தின் சொற்களில் திருத்தி எழுதுங்கள். வேலையைத் தரும் நாளிலேயே மாணவர் கையிலும் அது இருக்க வேண்டும்.

இரண்டு ஆசிரியர்கள் ஒரே வேலைக்கு வெவ்வேறு நிலை கொடுத்தால்?

கொடுப்பார்கள், முதல் முறை கட்டாயம் கொடுப்பார்கள். அதனால்தான் திருத்தத் தொடங்குமுன் ஐந்தாறு மாதிரி வேலைகளை எல்லோரும் தனித்தனியே மதிப்பிட்டு, ஒரு நிலைக்கு மேல் வேறுபட்டவற்றைச் சேர்ந்து அமர்ந்து பேச வேண்டும். பேச்சின் முடிவில் பெரும்பாலும் மாறுவது ரூப்ரிக்கின் சொற்களே. தேர்வு மையங்களில் விடைக்குறிப்பைப் பேசி முடிவு செய்த பிறகே தாள் திருத்தும் பழக்கம் நமக்கு உண்டு, இதுவும் அதுவே.

குழு வேலையில் ஒருவர் உழைக்க, மற்றவர்கள் பெயர் சேர்த்துக்கொள்வதை எப்படித் தடுப்பது?

குழுவின் வேலைக்கு ஒரு மதிப்பெண்ணும், அதற்குள் ஒவ்வொருவரின் பங்கைக் காட்டும் ஒரு பெருக்கெண்ணும் வைப்பது பலரும் பின்பற்றும் முறை. பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான 'வெப்பிஏ' என்னும் மென்பொருள் இந்த அடிப்படையில் இயங்குகிறது. கணக்கை ஒரு தாளிலேயே போடலாம். நான்கு பேர் கொண்ட குழு 60 மதிப்பெண் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம்மையும் சேர்த்து நால்வரையும் இரகசியமாக மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொருவர் தந்த மதிப்பீடும் மொத்தம் 1 வரும்படி சுருக்கப்படுகிறது. பிறகு ஒவ்வொருவரும் பெற்றது கூட்டப்படுகிறது. அனைவரும் சமமாக உழைத்திருந்தால் எல்லோருக்கும் 1.0 வரும். 1.2, 1.1, 1.0, 0.7 என்று வந்தால், குழு மதிப்பெண்ணில் பாதியை அப்படியே விட்டு மறுபாதியை இந்த எண்ணால் பெருக்கலாம். அப்போது அவர்கள் பெறுவது முறையே 66, 63, 60, 51.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. சக மாணவர் மதிப்பீட்டில் நட்பு, ஊர், சாதி, பாலினம் எல்லாம் கலக்கும் என்பதை மறக்கக் கூடாது. எனவே ஆசிரியர் எண்களைப் பார்த்து, ஐயம் வந்தால் குழுவின் வேலைக் குறிப்பேட்டைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அடுத்ததாக, 'எப்படி உழைத்தார்' என்று பொதுவாகக் கேட்காமல், 'கூட்டங்களுக்குத் தயாராக வந்தாரா', 'பேசாமல் இருந்தவரைப் பேச வைத்தாரா', 'கருத்து மோதல் வந்தபோது என்ன செய்தார்' என்று நடத்தையைக் குறித்துக் கேட்க வேண்டும்.

ஆங்கிலம் சரளமாக வராத மாணவர் தகவல்தொடர்பில் பின்தங்கியவரா?

அல்லர். கிராமத்திலிருந்து வந்து முதல் தலைமுறையாகப் படிக்கும் மாணவர், பம்புசெட்டின் பழுதைத் தமிழில் தெளிவாக, படிப்படியாக, கேட்பவர் முகம் பார்த்து விளக்குவார். அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் இரண்டு வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். கருத்தை ஒழுங்குபடுத்துவதும் கேட்பவரை அறிவதும் அவரிடம் ஏற்கெனவே உள்ளன. குறைவது ஆங்கிலப் பழக்கம். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலந்தால் எதை வளர்க்க வேண்டும் என்பதே தெரியாமல் போகும். ஆகவே ரூப்ரிக்கில் மொழிப் பிழையைத் தனிக் கூறாக வையுங்கள். சில வேலைகளையாவது தமிழில் செய்ய இடம் கொடுங்கள். வேலைவாய்ப்புக்கு ஆங்கிலம் தேவை என்பதை மறுக்கவில்லை. அதற்குரிய பயிற்சியை அந்தப் பெயரிலேயே நடத்தலாம்.

எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே பொதுத் தேர்வு வைத்து இத்திறன்களை அளக்க முடியாதா?

பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி அமைப்பு 'அஹெலோ' என்ற பெயரில் அதை முயன்று பார்த்தது. 17 நாடுகளில், ஏறத்தாழ 23,000 மாணவர்களிடம் நடந்த சாத்தியக்கூறு ஆய்வின் முடிவுகள் 2013 வாக்கில் வெளியாயின. பொறியியல், பொருளியல் ஆகியவற்றுடன் பொதுத் திறன்களும் சோதிக்கப்பட்டன. பண்பாடும் மொழியும் மாறும்போது ஒரே பொதுத்திறன் வினா ஒரே பொருளைத் தருகிறதா என்ற ஐயம் தீரவில்லை. மாணவர்கள் ஊக்கத்தோடு எழுதினார்களா என்பதும் கேள்வியாயிற்று. முழு அளவிலான தேர்வாக அது வளரவேயில்லை.

'நான் முதல்வன்' திட்டம் இதைச் செய்துவிடுகிறதே?

2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய அத்திட்டம், வேலைச் சந்தைக்கு வேண்டிய குறிப்பிட்ட திறன் பயிற்சிகளைக் கல்லூரிகளுக்குள் கொண்டுவந்திருக்கிறது. சிறு நகரக் கல்லூரி மாணவருக்கு அது பெரிய வாய்ப்பு. அந்தப் பயிற்சியில் கற்றதைப் பாட ஆசிரியர் தம் புராஜெக்டில் பயன்படுத்தச் சொன்னால் பயன் இரட்டிப்பாகும். சான்றிதழ் வாங்கியதோடு விட்டால் அந்தப் பயன் கிடைக்காது.

ஒரு வகுப்பில் 60 பேர், பருவமோ குறுகியது. நேரத்துக்கு எங்கே போவது?

மாணவருக்கு மதிப்பெண் தருவதும், பட்டப்படிப்பு தன் வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பதும் இரு வேறு காரியங்கள் என்பதைப் பிரித்துக்கொண்டால் பாரம் பாதியாகக் குறையும். முதலாவதற்கு 60 பேரின் வேலையையும் பார்த்தாக வேண்டும். பெரும்பாலான கலை, அறிவியல் தாள்களில் 75 மதிப்பெண் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போக, உள்மதிப்பீட்டுக்கு 25 இருக்கிறது. அதிலுள்ள அசைன்மென்ட்டின் இடத்தில் மேற்சொன்ன கடிதத்தை வைக்கலாம். நூலிலிருந்து பார்த்து எழுதிய பத்துப் பக்க அசைன்மென்ட்டைப் புரட்டுவதைவிட ஒரு பக்கக் கடிதத்தைப் படிப்பது விரைவில் முடியும். இரண்டாவதற்கு, இறுதியாண்டு வேலைகளில் இருபதைப் பெயர் மறைத்து, குலுக்கலில் எடுத்து, இரண்டு ஆசிரியர்கள் ஒரு மதியம் அமர்ந்து பார்த்தால் போதும்.

மாணவர் செய்யறிவுச் செயலியிடம் கேட்டு எழுதிவிட்டால்?

வீட்டில் எழுதிய இறுதிப் படியை மட்டும் மதிப்பிடும் முறை அத்துடன் பயனிழந்துவிட்டது. தம் தெருவின் நீர், தம் கையால் எடுத்த அளவீடு, திருத்தங்களோடு கூடிய வரைவுகள், பிறகு ஐந்து நிமிட வைவா (நேரில் கேட்கும் வாய்மொழித் தேர்வு) என்று வேலையை அமைத்தால், செயலியின் உதவி எதுவரை என்பது மறைவாக இராது. வைவாவில் 'இந்த வாக்கியத்தை ஏன் சேர்த்தீர்கள்' என்ற ஒரு கேள்வியே பெரும்பாலும் போதுமானது.

மாணவராகிய நான் இதற்கென்று என்ன செய்யலாம்?

ஒவ்வொரு பருவத்திலும் நீங்கள் செய்த ஒரு நல்ல வேலையை, அதன் முதல் வரைவுடன், தேதியிட்டுச் சேமித்து வையுங்கள். அதன் கீழே மூன்று வரி எழுதுங்கள்: என்ன கேட்கப்பட்டது, எங்கே தடுமாறினீர்கள், அடுத்த முறை எதை மாற்றுவீர்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் 'நீங்கள் குழுவில் வேலை செய்பவரா' என்று கேட்டால் 'ஆம், நான் நல்ல டீம் பிளேயர்' என்று எல்லோரும் சொல்வார்கள். 'நான்காம் பருவ மினி புராஜெக்டில் எங்கள் குழுவில் ஒருவர் விலகிவிட்டார். அவர் பார்த்த பகுதியை இப்படிப் பிரித்துக்கொண்டோம். இரண்டு வாரம் தாமதமானது. வழிகாட்டி ஆசிரியரிடம் இப்படிச் சொன்னோம்' என்று பேச உங்களிடம் அந்தக் கோப்பு இருக்க வேண்டும். இறுதியாண்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் அது தேறாது. முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள்.